பெயின்டுக்கு அடியில் போன 1,85,000 ரூபாய்: பழைய கார்பன் ரேஸ் சைக்கிள் வாங்குகிறவர்கள் கவனிக்க

இன்று மதியம்தான் சென்னையிலிருந்து திரும்பினேன். இரண்டு நாள் ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். 1,85,000 ரூபாய். அதில் 1,20,000 சீட்டு எடுத்த பணம். மீதி 65,000 என் மனைவியின் வளையலை வைத்து வாங்கிய நகைக் கடன். மொத்தமும் உடைந்த ஒரு ஃபிரேமுக்குப் போய்விட்டது. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு வீடு வாலாஜா, வேலை ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில், ஃபினிஷிங் பிரிவு. ஐந்து வருஷமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கிளம்பி, பெங்களூர் சாலையில் ரத்தினகிரி, சத்துவாச்சாரி தாண்டி பள்ளிகொண்டா வரை போய்த் திரும்புவேன். டைம் ட்ரையல்மேல்தான் எனக்கு ஆசை. ஒவ்வொருவராகக் கிளப்பி விடுவார்கள், யார் முதுகுக்குப் பின்னாலும் ஒண்ட முடியாது, மொத்தக் காற்றும் நம் நெஞ்சில்தான். சமதரையில் நம் பலத்தை அதிகம் தின்பதே காற்றுதான். அதனால்தான் முன்கை இரண்டையும் ஏரோ பாரில், அதாவது ஹேண்டில்பாரிலிருந்து முன்னால் நீண்டிருக்கிற கம்பிகளில், சேர்த்து வைத்துக் குனிந்து ஓட்டுகிற மாதிரி டைம் ட்ரையல் சைக்கிளைச் செய்கிறார்கள். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், கடைசி நாள் டைம் ட்ரையலுக்கு முன் 50 விநாடி பின்னால் இருந்தார். ஏரோ பார் வைத்து 24.5 கிலோமீட்டர் ஓட்டி, 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தையே வென்றார். அதைப் படித்த நாளிலிருந்து ஒரு டிடி (டைம் ட்ரையல்) சைக்கிள் வாங்கிவிட வேண்டும் என்று இருந்தேன். புதிது பல லட்சம். என் சம்பளத்துக்குப் பழையதுதான் வழி.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு மாநிலத்தில், பழைய ரேஸ் சைக்கிள்களை வாங்கி இணையத்தில் விற்கிற கடை. தமிழ் பேசுகிற ஒரு பையன் வீடியோ காலில் வந்தான். முக்கால் மணி நேரம் பேசினான். சைக்கிளைத் தராசில் தொங்கவிட்டு 8.9 கிலோ என்று காட்டினான். பின்சக்கரத்தைச் சுழற்றி அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தான். பெடல் அச்சு இருக்கிற இடத்துக்கு அடியில் காட்டச் சொன்னேன். "அங்க ஒரே கிரீஸ்ணா, துடைச்சிட்டு போட்டோ அனுப்புறேன்" என்றான். சாயங்காலம் போட்டோ வந்தது, கொஞ்சம் இருட்டாக. நான் யோசிப்பதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்: "அண்ணா, நானும் சைக்கிள் ஓட்டுறவன்தான். ஒரு ரைடர் இன்னொரு ரைடரை ஏமாத்துவானாண்ணா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்று ராத்திரியே 1,85,000 ரூபாயையும் அனுப்பினேன்.

பெட்டி வந்தது, பூட்டினேன், மறுநாள் ரத்தினகிரி வரை ஓட்டினேன். வலது காலை அழுத்தும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரு கிறீச். போன் செய்தேன். "பிரஸ்-ஃபிட் பேரிங்னா அப்படித்தாண்ணா, போகப் போகச் சரியாயிடும்." மரை இல்லாமல் ஃபிரேமுக்குள் அழுத்திப் பொருத்துகிற பேரிங்கைச் சொன்னான். நம்பி இன்னும் மூன்று வாரம் ஓட்டினேன். லாரிகள் போகிற ரோட்டில், கை பிரேக்கில்கூட இல்லாமல், 40 வேகத்தில், உடைந்த ஃபிரேம்மேல் குனிந்து படுத்துக்கொண்டு. அதை நினைத்தால்தான் இப்போது வயிறு கலங்குகிறது.

சத்தம் நிற்காததால் ஒரு நாள் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு நன்றாகத் துடைத்தேன். ஃபிரேம் முழுக்க மேட் கறுப்பு. ஆனால் கீழ்க் குழாய் பெடல் அச்சில் வந்து சேர்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தொட்டால் வேறு மாதிரி இருந்தது. நகத்தை ஓட்டினேன், ஓரத்தில் தட்டியது. சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடமும் அதற்குள்ளேயே மூடிப் போயிருந்தது. இதே வேலையைத்தான் நான் தினமும் செய்கிறேன். தழும்பு விழுந்த தோலை பஃபிங் போட்டு, கலர் ஸ்ப்ரே அடித்து, மேலே கிரெய்ன், அதாவது தோலின் இயற்கையான வரி மாதிரி, பதித்து அனுப்புவோம். ஆனால் கரெக்டட் கிரெய்ன் என்று சொல்லித்தான் விற்போம், விலையும் குறைவு. சொல்லாமல் விற்றால் அது திருட்டு.

இன்று அதைச் சென்னைக்கு எடுத்துப் போனேன். கார்பன் ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணன், ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக். அந்த இடம் வந்ததும் தொப். இன்னொரு தடவை தட்டினார், தொப். என்னிடம் கேட்டுவிட்டு உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார். பெயின்ட் போய்ச் சாம்பல் நிறத்தில் பட்டி வந்தது. பட்டிக்கு அடியில் கறுப்பு இழை மூன்று விரல் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. கார்பன் என்பது இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து ரெசினில் இறுக்கியது. இரும்பு மாதிரி வளைந்து காட்டாது. உள்ளே அடுக்கு பிரிந்து, தாங்குகிற வரை தாங்கி, ஒரு நாள் சட்டென்று முறியும். முறையாகச் சரி செய்வதென்றால் கெட்ட அடுக்கைத் தேய்த்தெடுத்து, இழை ஓடுகிற திசை பார்த்துப் புதுத் துணி ஒட்டி, அழுத்திச் சூடு கொடுக்க வேண்டும். இதில் வெறும் பட்டி. "இதுல ஏறாதீங்க தம்பி" என்றார்.

அங்கிருந்தே கடைக்குப் போன். அதுவரை "அண்ணா" என்றவன் "சார்" என்று ஆரம்பித்தான். முதலில் கூரியரில் அடிபட்டிருக்கும் என்றான். கூரியர்காரனா பட்டி பூசி பெயின்ட் அடித்தான் என்று கேட்டதற்கு, நான்தான் போல்ட்டை அதிகமாக முறுக்கி உடைத்திருப்பேன் என்றான். அந்த இடத்தில் போல்ட்டே இல்லை! அப்புறம், பழைய பொருள், இருக்கிற நிலையில் விற்றது, பில்லில் போட்டிருக்கு என்றான். மேனேஜரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் மீட்டிங்கில் இருக்கிறாராம். மெயில் போட்டேன், பத்து நிமிஷத்தில் "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று பதில். என் மனைவி போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தான், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். சைக்கிள் தயாரித்த கம்பெனியிடமும் போக முடியாது, அவர்கள் வாரன்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான்.

1,85,000 ரூபாய். வளையலை எப்போது மீட்போம் என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காமல் பழைய கார்பன் வாங்காதீர்கள். காசால் தட்டிப் பாருங்கள். சீரியல் நம்பர் தெரியவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "ஃபிரேமில் விரிசலோ ரிப்பேரோ இல்லை" என்று எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடை எந்த ஊரில் இருந்தாலும் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் போடப் போகிறேன்.

இதை எழுதும்போதே அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புதிதாக இன்னொரு டிடி சைக்கிள் போட்டிருக்கிறார்கள், 2,10,000 ரூபாய். எட்டு படம் இருக்கிறது. அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை.