பட்டன் டேக்கா, கிளிக் வைத்த டிவ்வா?

வலைப்பக்கத்தில் அழுத்தும் பொத்தானை எச்டிஎம்எல்லின் பட்டன் டேக்கால் செய்யலாம்; டிவ் என்ற வெறும் பெட்டிக்குக் கிளிக் வைத்தும் செய்யலாம். மவுஸ் பிடிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும். அதனால்தான் பலர் டிவ்வுக்கே ஆன்கிளிக் (கிளிக் செய்தால் இயங்கும் நிரல்) கொடுத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு எப்படி?

தோற்றம்
பட்டன்: பிரவுசர் தரும் பார்டரையும் பின்னணியையும் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை அமைக்கும் மொழி) நீக்க வேண்டும். சில வரிகள்தான்.
டிவ்: வெறுமையாக வரும்.

கீபோர்டு
பட்டன்: டேப் அழுத்தினால் ஃபோகஸ் வரும். என்டர், ஸ்பேஸ் இரண்டுமே இயக்கும்.
டிவ்: டேப் அதைத் தாண்டிப் போய்விடும். டேப்இன்டெக்ஸ் (டேப்பில் ஃபோகஸ் வர வைக்கும் பண்பு) சேர்த்து, இரண்டு விசைகளுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்)
பட்டன்: பெயரோடு ‘பட்டன்’ என்றும் வாசிக்கப்படும். டிசேபிள்டு (இப்போது அழுத்த முடியாது) என்று குறித்தால் அதுவும் தெரியும்.
டிவ்: பட்டன் என்ற அடையாளமே கிடைக்காது, ரோல் (இது என்ன என்று சொல்லும் பண்பு) சேர்த்தால்தான் கிடைக்கும். பார்வையற்ற ஒருவர் ‘பணம் செலுத்து’ என்பதைக் கேட்டும், அதை அழுத்தலாம் என்று தெரியாமல் நின்றுவிடக்கூடும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

பட்டனில் ஒரு கவனம் தேவை: ஃபார்முக்குள் வைத்தால் இயல்பாகவே சப்மிட் ஆகிவிடும். அது வேண்டாமென்றால் டைப் என்ற பண்பில் பட்டன் என்று எழுதுங்கள்.

சரி, எதற்கு எது? ஏதாவது செயல் நடக்க வேண்டுமா, பட்டன். வேறு பக்கத்துக்குப் போகவா, ஏ டேக் (லிங்க்). பெட்டி கட்டி அடுக்க மட்டும் டிவ்.