1978-ஆம் ஆண்டு அட்டையில் ஓர் இணையதள முகவரி

மிச்சத்தை வாசிக்க நேரமில்லாதவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பழைய ஸ்டார் வோர்ஸ் படத்துப் பொம்மை விற்கிறேன் என்று முகநூலில் ஒருவர் திரிகிறார். அந்தப் படத்தின் கறுப்பு முகமூடி வில்லனைக் காட்டி, "1978 டார்த் வேடர், அட்டையோடு, பிரிக்காதது" என்று சொல்லி என்னிடம் 85,000 ரூபா வாங்கினார். தந்தது 2019-இல் வெளிவந்த, பத்து டொலர் அளவு பெறுமதியான சாமான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொம்மை டூப்ளிகேட் இல்லை. அதனால்தான் நான் இவ்வளவு இலேசாக மாட்டுப்பட்டேன்.

ஐம்பது தாண்டிய மனிதனுக்குப் பொம்மை எதற்கு என்று மனுசி கேட்டது நியாயமான கேள்விதான். பதில் 1982-இல் கிடக்கிறது. அந்த வருடம் இலண்டனிலிருந்து லீவில் வந்த மாமா, வெள்ளவத்தையில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தார். வேடரின் தலையும் தோளும் போலவே செய்த பெட்டி. கெனர் என்ற பொம்மைக் கொம்பனி 1980-இல் விட்டது, உள்ளே 31 பொம்மைகள் வைக்கலாம். என்னிடம் இருந்தது நாலே நாலு. அந்த நாலையும் நாளுக்கொரு குழியாக மாற்றி மாற்றி வைப்பதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேலை. வேடருக்கு மட்டும் தனி மரியாதை, இரவில் என் தலையணைக்குக் கீழே படுப்பார். "இதென்னடா வேடர், அம்பும் இல்லை வில்லும் இல்லை?" என்று அம்மம்மா கேட்பா.

83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு பெட்டியும் எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தபோது வேடரைக் கேட்டு அழுதேனாம். எனக்கு ஞாபகமில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். ஊரே வீட்டை நினைத்து அழுதபோது நான் வில்லனை நினைத்து அழுதிருக்கிறேன்.

போன வருடம், பழைய சாமான் சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் இந்தக் கதையை எழுதினேன். நல்ல வரவேற்பு. நிறையப் பேர் தங்கள் கதைகளையும் எழுதினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு பெடியனிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

"அண்ணா, உங்கட கதையை வாசிச்சிட்டு நித்திரையே வரேல்ல. என்னட்ட ஒண்டு இருக்கு. அது உங்களிட்டத்தான் வரவேணும்."

பிறகு போனில் கதைத்தார். நல்ல பணிவான குரல். கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தாராம், 1979-இல் இலண்டனிலிருந்து பேரனுக்கென்று வாங்கி வந்தாராம், பேரன் அதற்கிடையில் கனடா போய்விட்டதால் பிரிக்காமல் அலுமாரியில் கிடந்ததாம். இப்போது பெரியவர் காலமாகி, மகள் வீட்டைக் காலி செய்கிறாவாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. இன்று யோசித்தால், இலண்டன், பெரியவர், போன வீடு, கிடைக்காத பிள்ளை எல்லாம் என்னுடைய கதைதான். நான் எழுதியதையே சட்டையை மாற்றி எனக்கு 85,000 ரூபாவுக்கு விற்றிருக்கிறார்.

மூன்று படங்கள் அனுப்பினார். மூன்றும் முன்பக்கம். அட்டையின் ஓரங்கள் தேய்ந்து, மூலை மடிந்து, கெனர் பெயரோடு, பார்க்கப் பார்க்க நாற்பது வருடம் தெரிந்தது. தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பின்பக்கத்தை ஒரு கறுப்பு மட்டை ஒட்டி மறைத்திருந்தார். கேட்டேன். "வெளிச்சம் பட்டா அச்சு மங்கும் அண்ணா. உறையைத் திறந்தா மதிப்புப் போயிடும்." இரண்டும் உண்மை. வெளிச்சத்தில் அட்டை மங்கும், பிரித்தால் விலை விழும். உண்மையைக் கொண்டே கண்ணைக் கட்டத் தெரிந்த ஆள்.

40,000 வங்கியில் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மிச்சம் 45,000 கையில். பம்பலப்பிட்டியில் சந்திப்பதாகப் பேச்சு. அவர் வரவில்லை, மோட்டார் சைக்கிளில் வேறொரு சின்னப் பெடியன் வந்து பையை நீட்டினான். பற்றுச்சீட்டு கேட்கவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. கோயில் பிரசாதம் வாங்குகிறவன் போல இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஒரு கிழமை கழித்து, பெருமை காட்டத்தான், தெஹிவளையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். முப்பது வருடமாகச் சேர்க்கிறவர். உறையை மேசை விளக்குக்குக் கீழே பிடித்தார்.

"இலண்டன்ல வாங்கினதெண்டு சொன்னவனோ?"

"ஓம்."

"அப்ப பலிடோய் எங்க மச்சான்?"

கெனர் அமெரிக்கக் கொம்பனி. பிரித்தானியாவில் அந்தப் பொம்மைகளை விற்றது பலிடோய். அங்கே 79-இல் வாங்கியதென்றால் பெரும்பாலும் அந்தப் பெயர் அட்டையில் எங்காவது இருக்கவேண்டும். அடுத்த கேள்வி விலை. அட்டையின் பின்னால் முதல் 12 பொம்மைகளின் படம் மட்டும் போட்ட, பிரிக்காத 1978 வேடர் என்றால் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகும். "உனக்கு ஏன் முந்நூறு டொலருக்குள்ள தாறான்? நீ அவன்ர மாமாவோ?" என்னிடம் பதில் இல்லை. என் கதைக்காகக் குறைத்துத் தந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு பிளேட்டால் கறுப்பு மட்டையை மெல்ல நெம்பினார். அட்டையின் பின்னால் ஹாஸ்ப்ரோ பெயர், சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடும் என்ற எச்சரிக்கை, அதற்குப் பக்கத்தில் ஓர் இணையதள முகவரி. 1978-இல். நண்பர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். கெனர் 1991-இல் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போனது. 2019-இல் ஹாஸ்ப்ரோ, என்னைப் போன்ற ஆட்களைக் குறிவைத்து, "ரெட்ரோ கலெக்ஷன்" என்று ஒரு வரிசை விட்டது. பழைய உருவம், பழைய மாதிரி அட்டை, கெனர் பெயர். ஓரங்கள் தேய்ந்த மாதிரித் தெரிவதுகூட அச்சில் செய்த வேலை. அந்த மடிந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. கொம்பனி யாரையும் ஏமாற்றவில்லை, பின்னால் எல்லாம் எழுதித்தான் விற்கிறது. அந்தப் பின்பக்கத்தை ஒரு மட்டையால் மறைத்ததுதான் நம்மாளின் முதலீடு.

மதிப்புத்தான் ஒன்றுமில்லையே என்று பொம்மையையும் பிரித்துப் பார்த்தோம். பழைய வேடரின் காலுக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977 என்று இருக்கும். கெனர் அப்போது ஜெனரல் மில்ஸ் என்ற தானிய உணவுக் கொம்பனிக்குச் சொந்தம், அதன் பொம்மைப் பிரிவின் முதலெழுத்துகள் அவை. நண்பர் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். என்னுடையதில் அது இல்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன், ஏன் எப்போதும் வேடர் என்று. முதல் படத்தில் எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட வராத ஆள். ஆனால் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தேநீர்க் கோப்பையிலிருந்து புத்தகப் பைவரை எல்லாவற்றிலும் அவர்தான். நாயகன் லூக்கின் பழைய பொம்மையைப் பார்த்தால் அந்த நடிகரின் முகமே அதில் இருக்காது, பிளாஸ்டிக்கில் மனித முகம் அவ்வளவு இலேசில் வராது. வேடருக்கு முகம் இல்லை. திரையில் இருந்ததும் முகமூடி, கையில் இருப்பதும் முகமூடி, ஆகவே பொம்மை அப்படியே அச்சாக இருக்கும். உடம்புக்கு ஒரு நடிகர், குரலுக்கு வேறொருவர், அந்த மூச்சுச் சத்தம்கூடச் சுழியோடிகளின் சுவாசக் கருவியில் பதிவு செய்தது. யாருக்கு வயது போனாலும் வேடருக்குப் போகாது. பிரித்தானியாவின் டாலெக்கும் இதே சாதிதான். 1963 டிசம்பரில் 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் வில்லனாக வந்த, உப்புக் குடுவை மாதிரியான ஓர் உருவம், முகமே இல்லை, ஒன்றிரண்டு வருடத்தில் அங்கே கடைகள் நிறைய டாலெக் பொம்மைகள்.

முகம் இல்லாதது பொம்மை செய்கிறவனுக்கு எவ்வளவு வசதியோ, ஏமாற்றுகிறவனுக்கும் அவ்வளவு வசதி. அதே படத்தின் வெள்ளைக் கவசச் சிப்பாயான ஸ்டோர்ம்ட்ரூப்பரின் பொம்மை வயது போகப் போக மஞ்சளாகும், பார்த்த உடனே தெரியும். கறுப்பு எதையும் காட்டாது. இதனால்தான் இந்த ஆட்கள் எப்போதும் வேடரையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

புறக்கோட்டையில் நடைபாதையில் சில நூறு ரூபாவுக்கு விற்கும் கறுப்புத் தலைக்கவசப் பொம்மையை எனக்குப் பிடிக்கும். பெயர்கூடச் சரியாக இருக்காது, சிவப்பாக இருக்கவேண்டிய வாள் பச்சையாக இருக்கும். அது நேர்மையான டூப்ளிகேட், யாரிடமும் பொய் சொல்வதில்லை. கெனரே 1977 கிறிஸ்மஸுக்குப் பொம்மை தயாராகாமல் வெறும் அட்டையும் ஒரு சான்றிதழும்தான் விற்றது. அதை அனுப்பினால் பிறகு நாலு பொம்மைகள் தபாலில் வரும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைக்கவில்லை, சொன்னபடி 78-இல் அனுப்பியும் வைத்தது. அந்த நாலில் வேடர் இல்லை என்பது வேறு கதை.

அடுத்த நாள் பெடியனுக்குப் போன் எடுத்தேன். கோபப்படாமல்தான் கேட்டேன், "தம்பி, இது 2019 சாமான் எல்லோ?"

"அண்ணா, நான் ஒரிஜினல் எண்டுதானே சொன்னனான். ஹாஸ்ப்ரோ ஒரிஜினல் இல்லையோ?"

"கறுவாத்தோட்டத்துப் பெரியவர்?"

"அது எனக்கு வேற ஆள் சொன்னது அண்ணா."

பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். 1978 என்ற எண்ணை அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. போனில்தான் சொல்லியிருக்கிறார். எழுத்தில் இருப்பதெல்லாம் "பழைய மொடல்", "கெனர் கார்ட்", "ஒரிஜினல் பீஸ்". ஒவ்வொன்றும் சட்டத்தரணி பார்த்து எழுதிக் கொடுத்த மாதிரி. மறுபடி எடுத்தபோது என் இலக்கத்தை அடைத்துவிட்டார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் துரித இலக்கம் 1977. படம் வந்த வருடம், பொம்மையின் காலில் இருக்க வேண்டிய வருடம், நான் கடைசியில் அழுத்திய இலக்கம், மூன்றும் ஒன்றுதான். இதை எவரும் ரசிக்கும் நிலையில் வீட்டில் அன்று இல்லை. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். என்னிடம் 40,000-க்கு ஸ்லிப் இருக்கிறது, 45,000-க்கு ஒன்றுமில்லை, விற்றவரின் உண்மைப் பெயரும் இல்லை. இருந்தாலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படி ஏதாவது வாங்க நினைப்பவர்கள் பின்பக்கப் படம் கேளுங்கள். தராவிட்டால் விடுங்கள், எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் விடுங்கள். எந்த வருடத்துச் சாமான் என்பதை வட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள், குரலில் வேண்டாம். கை மாறும் காசுக்கு ஒரு துண்டுக் கடதாசியாவது கையெழுத்தோடு வாங்குங்கள். அதைவிட முக்கியம், உங்களுக்கு அந்தப் பொம்மை ஏன் வேண்டும் என்று விற்கிறவரிடம் சொல்லாதீர்கள். நான் என் விலையை அவரிடம் முன்கூட்டியே, அதுவும் பொதுவெளியில், மூன்று பந்தியில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

போன கிழமை நண்பர் ஒரு படம் அனுப்பினார். வேறு பெயரில் வேறொரு பக்கம். "1965 டாலெக், கொள்ளுப்பிட்டியில் ஒரு வயதான அம்மாவின் வீட்டிலிருந்து." முன்பக்கப் படம் மட்டும் மூன்று. ஆள் தன் பெயரை மாற்றியிருக்கிறார், போன் இலக்கத்தை மாற்றியிருக்கிறார், மேசை விரிப்பை மாற்றவில்லை. இளநீல விரிப்பு, கரையில் வரிசையாக மயில், இடப்பக்க மூலையில் தேத்தண்ணிக் கறை.