கார் ரேடியோவில் கரகரப்பு: ஆன்டெனாவா, ஃபில்டரா, எர்த்தா?

மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு மாதம் இரண்டு முறையாவது காரில் போய்வருகிறேன். வழித்துணைக்குக் கோடை பண்பலைதான். 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். கொடைக்கானல் மலைமேலிருந்து ஒலிபரப்பாவதால் தென்மாவட்டங்கள் பலவற்றில் கேட்கும். சாத்தூர் தாண்டியும் தெளிவாக வந்துகொண்டிருந்த நிலையம், போன வருடம் ஒருநாள் திருமங்கலத்திலேயே கரகரக்க ஆரம்பித்தது. மதுரைக்குள் உள்ளூர் நிலையங்களில் ஒரு குறையும் இல்லை. அதனால் காரில் கோளாறு என்றே முதலில் தோன்றவில்லை.

ஒரு கடையில் ஆன்டெனா போய்விட்டது என்றார்கள். கூரைமேல் இருந்த கம்பியை எடுத்துவிட்டு சுறாத் துடுப்பு வடிவில் இருக்கும் ஷார்க் ஃபின் ஆன்டெனாவை மாட்டினார்கள், முன்பைவிட மோசமானது. இன்னொரு கடையில் ஸ்டீரியோவுக்குப் போகும் பவர் வயரில், இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் சேர்த்தார்கள். எந்த வித்தியாசமும் இல்லை. மூன்றாவதாகப் போன இடத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன், எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, பென் டிரைவ்ல பாட்டுப் போட்டா அதுலயும் இந்தச் சத்தம் வருதா?"

வரவில்லை. "அப்ப வயர்ல வரல, காத்துல வருது. சார்ஜர், கேமரா எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஒரு தடவை கேளுங்க" என்றார். இரண்டு மாதம் முன்பு மாட்டிய டேஷ்கேமின் (சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) சார்ஜரைப் பிடுங்கியதும் கரகரப்பு பெருமளவு அடங்கிவிட்டது.

கடைகளில் விற்கும் தீர்வுகள் எல்லாமே ஏதோ ஒரு கோளாறுக்கு நிஜமான தீர்வுகள்தான். நம் காரில் இருப்பது அந்தக் கோளாறா என்பதே கேள்வி. சத்தம் பவர் வயர் வழியாகவோ, மின்சாரம் கார் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையான எர்த் வழியாகவோ உள்ளே வரலாம். ஆன்டெனா வழியாகவும் வரலாம். எந்த வழி என்று தெரியாமல் வாங்கினால் பணம் போகும், சத்தம் போகாது.

காதே முதல் கருவி

ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் விசில், பென் டிரைவ் பாட்டிலும் கேட்டால், அது டைனமோவிலிருந்து (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்) பவர் வயர் வழியாகவோ எர்த் வழியாகவோ வருகிறது. பெட்ரோல் காரில் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வேகமாகும் டிக் டிக் என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், ஹை டென்ஷன் வயர் பக்கம் பார்க்க வேண்டும். டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம். இன்ஜின் வேகம் மாறினாலும் மாறாமல் ஒரே மாதிரி இரைந்தால் சார்ஜர், டேஷ்கேம், பிறகு போட்ட எல்இடி ஹெட்லைட் பல்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் படபடத்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

கார் நகர நகர விட்டுவிட்டு வந்து, நின்றால் ஒரு இடத்தில் தெளிவாகவும் ஓரடி தள்ளினால் இரைச்சலாகவும் இருந்தால், மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதுகிறது. காருக்குள் சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. அதற்காக ஆன்டெனாவை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கம்பி ஆன்டெனாவும் ஷார்க் ஃபின்னும்

எஃப்எம் வரிசையின் நடுவில், 98 மெகாஹெர்ட்ஸில், அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் அளவுள்ள கம்பி, கார் உடம்பின் தகட்டைத் துணையாக வைத்துக்கொண்டு அலையை நன்றாக வாங்கும். பழைய கார்களில் இழுத்து நீட்டும் கம்பி கிட்டத்தட்ட அந்த நீளத்தில் இருந்தது இதனால்தான். ஷார்க் ஃபின்னுக்குள் அவ்வளவு இடம் கிடையாது. சுருட்டிய சிறு கம்பிதான் இருக்கும். அது வாங்கும் பலவீனமான அலையைப் பெருக்க அடியிலேயே ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனியிலிருந்தே ஷார்க் ஃபின்னோடு வரும் காரில் இந்த ஏற்பாடு இருக்கும். என் 2013 மாடல் காரில் இருந்தது வெறும் ஆன்டெனா கேபிள். அதில் பவர் எங்கிருந்து வரும்? சந்தையில் இரட்டை ஒட்டுநாடாவோடு கிடைக்கும் சில ஷார்க் ஃபின்களில் வயர்கூட இருக்காது. அவை அலங்காரத்துக்கு மட்டும்.

ஆகவே பழைய காரில் கம்பிக்கே என் ஓட்டு. அழகுக்காக ஷார்க் ஃபின் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையர் உள்ளதாகப் பார்த்து வாங்கி, அதன் பவர் வயரை ஆன்டெனாவுக்குப் பவர் கொடுக்கும் ஸ்டீரியோவின் நீல வயரோடு இணைக்கச் சொல்லுங்கள். இதே விஷயம் எதிர்த்திசையிலும் நடக்கும். ஃபோக்ஸ்வாகன் போலோ போன்ற கார்களில் கூரை ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபையருக்குப் பவர் ஆன்டெனா கேபிள் வழியாகவே போகிறது. வெளியில் வாங்கிய ஸ்டீரியோவை, பவர் ஊட்டும் அடாப்டர் இல்லாமல் அதில் மாட்டினால் பக்கத்து ஊர் நிலையம்கூடத் திணறும். புது ஸ்டீரியோ மாட்டிய அன்றே ரேடியோ மந்தமானது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆன்டெனா பூஸ்டர் என்று தனியாக விற்பது எனக்கு உடன்பாடில்லாத வழி. அலையோடு சேர்த்து இரைச்சலையும் அது பெருக்கும். காருக்குள்ளேயே இரைச்சல் உற்பத்தியாகும்போது பூஸ்டரால் பயன் இல்லை. ஊருக்குள் பலமான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் தொல்லையும் சேரும்.

கம்பி நல்லதா கெட்டதா என்று மல்டிமீட்டரில் சோதிப்பது எளிது. ஸ்டீரியோவின் பின்னாலிருந்து ஆன்டெனா பின்னைப் பிடுங்கி, பின்னின் நுனிக்கும் கூரைக் கம்பிக்கும் இடையே பார்த்தால் ஓம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். நுனிக்கும் பின்னின் வெளி உறைக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. ஆம்ப்ளிஃபையர் உள்ள ஆன்டெனாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கம்பியின் அடிப்பாகம் கூரைத் தகட்டைத் தொடும் இடத்தில் துரு இருந்தாலும் அலை குறையும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரி உப்புக்காற்றுள்ள ஊர்களில் ஓடும் காரில் நட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.

பவர் ஃபில்டரும் ஃபெரைட்டும்

இந்த இரண்டில் என் காருக்கு வேண்டியிருந்தது ஃபெரைட், அதாவது வயரைச் சுற்றி மாட்டும் காந்தப்பொருள் வளையம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டேஷ்கேம் சார்ஜர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்குகிறது. அதற்குள் ஒரு ஸ்விட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. அந்தத் துடிப்பின் மடங்குகள் மேலே ஏறி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம் வரிசைக்குள்ளும் வந்துவிடும். கண்ணாடிவரை ஓடும் நீள வயர் ஒரு குட்டி ஒலிபரப்புக் கம்பியாகிவிடுகிறது. என் காரில் அது ஆன்டெனா கேபிளோடு ஒட்டியே போயிருந்தது.

ஊருக்குள் தெரியாமல் திருமங்கலத்தில் தெரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. எஃப்எம்மில் நிலையத்தின் அலை இரைச்சலைவிட ஓரளவு பலமாக இருக்கும்வரை இரைச்சல் கேட்காது. அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் சட்டென்று எல்லாம் இரைச்சலாகிவிடும். டேஷ்கேம் என் எல்லையைச் சாத்தூருக்கு அப்பாலிருந்து திருமங்கலத்துக்கு இழுத்து வந்துவிட்டது. சோதிக்கும்போதும் இதை மறக்காதீர்கள். பலமான நிலையத்தை வைத்துப் பார்த்தால் கோளாறு மறைந்துகொள்ளும், தூரத்து நிலையத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பவர் வயரில் போடும் ஃபில்டர் டைனமோ விசிலுக்கு ஏற்றது. குறைந்த அதிர்வெண்ணில் வயர் வழியாக வருவதை அது தடுக்கும். காற்றில் பறந்து ஆன்டெனாவுக்குள் நுழைவதை அது எப்படித் தடுக்கும்? அதற்குச் சார்ஜர் வயரிலேயே ஃபெரைட் வளையம் மாட்ட வேண்டும். கவ்விக்கொள்ளும் வகையில் கிடைக்கிறது. வயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சார்ஜருக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள். இரண்டு சுற்றுக்குத் தடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். கேமரா பக்கமும் ஒன்று போடலாம்.

அதற்கு முன் இன்னொரு சின்னச் சோதனை: டேஷ்கேமைப் பவர் பேங்க்கில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் குற்றவாளி சார்ஜர். நல்ல சார்ஜராக மாற்றினாலே போதும். போகாவிட்டால் கேமராவே இரைகிறது.

எர்த்

டைனமோ விசில் என்றால் ஃபில்டர் வாங்குவதற்கு முன்னால் எர்த்தைப் பாருங்கள். ஃபில்டர் சத்தத்தை மறைக்கும், எர்த்தைச் சரிசெய்தால் காரணமே போய்விடும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி காற்றாடி, ஸ்டீரியோ எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை ஸ்டீரியோவின் எர்த் வயரான கறுப்பு வயரிலும் வையுங்கள். 0.1 வோல்ட் அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. 0.3, 0.5 என்று போனால் எங்கோ எர்த் தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிவது, ஹார்ன் அடித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்குவது எல்லாம் பல நேரம் இதே ரகம்தான்.

ஒரு விசித்திரமான அறிகுறியும் உண்டு. ஆன்டெனா பின்னைப் பிடுங்கியதும் ஸ்டீரியோவே அணைந்துவிட்டால், கறுப்பு வயரில் எர்த் இல்லை. மின்சாரம் இதுவரை ஆன்டெனா கேபிளின் வெளி உறை வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். அந்தக் காரில் எந்த ஃபில்டரும் வேலைசெய்யாது.

டைனமோவையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் சாதாரணம். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (மாறுமின்னோட்டம்) மாற்றி வைத்து அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவின் டயோடு போயிருக்கலாம்.

டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், பாக்கெட் ரேடியோ

பழைய மெக்கானிக்குகள் டெஸ்ட் லாம்ப்பை (மின்சாரம் வருகிறதா என்று பல்ப் எரிவதை வைத்துப் பார்க்கும் கருவி) விடாமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. நூலாக அறுந்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. டெஸ்ட் லாம்ப் இழுக்கும். அதனால் பல்ப் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் ஏர்பேக் வயரிலும் இன்ஜின் கம்ப்யூட்டர் வயரிலும் அதை வைக்கவே கூடாது. அங்கே மல்டிமீட்டர்தான், அதுவும் தெரிந்தவர் கையில்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட இந்த இரண்டையும்விட மீடியம் வேவ் உள்ள பழைய பாக்கெட் ரேடியோ உதவும். எந்த நிலையமும் வராத அலைவரிசையில் வைத்து, சார்ஜர், ஹெட்லைட், ஃபியூஸ் பெட்டி என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். எதன் பக்கத்தில் கத்துகிறதோ அதுதான்.

ஸ்டீரியோவையே மாற்றுவது

கடைசியாகச் செய்ய வேண்டியது. மாற்றினால் மஞ்சள், சிவப்பு வயர்களைக் கவனியுங்கள். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டியது, சிவப்பு சாவி போட்டால் மட்டும். சில கார்களில் இவை இடம் மாறியிருக்கும். அப்போது சாவியை எடுத்த ஒவ்வொரு முறையும் பதிந்துவைத்த நிலையங்கள் அழிந்துவிடும். இரண்டையும் நேரடி பவரில் கட்டிவிட்டால் ஸ்டீரியோ தூங்காது. நின்ற காரில் 0.3 ஆம்பியர் கசிந்தாலே நான்கு நாளில் 29 ஆம்பியர் மணி போய்விடும். சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் ஐந்தாம் நாள் ஸ்டார்ட் ஆகாது. பூட்டி அரைமணி நேரம் கழித்துக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பதுதான் சரி.

மொபைலில் கேட்கலாமே என்பார்கள். ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலி நன்றாகவே இருக்கிறது. டேட்டா கிடைக்காத சாலையில் அது நின்றுவிடும், எனக்கு ரேடியோ வேண்டியதே அந்த இடங்களில்தான்.

என் காரில் இப்போது பழைய கம்பி மறுபடி கூரையில் ஏறிவிட்டது. சார்ஜரை மாற்றி, இரண்டு ஃபெரைட் போட்டு, டேஷ்கேம் வயரை ஆன்டெனா கேபிள் இல்லாத பக்கமாகக் கொண்டுபோனோம். போன வாரம் சாத்தூர் தாண்டியும் கோடை பண்பலை வந்தது.