ஆ, மாடு: எது மூத்த பெயர், எது செல்வப் பெயர்?

பொங்கல் சமயத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கேம்பல் லேனில் மாடுகளைக் கட்டியிருப்பார்கள். குழந்தைகள் கூட்டமாக நின்று பார்க்கும். அந்த விலங்குக்கு ‘ஆ’, ‘மாடு’ என்று இரண்டு நல்ல பெயர்கள் இருக்கின்றன.

‘ஆ’ மிகப் பழையது. ஓரெழுத்தே ஒரு சொல். தெலுங்கில் இன்றும் ‘ஆவு’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பசுவுக்கு மட்டும் உரிய பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. தொல்காப்பிய மரபியல், ‘பெற்றமும் எருமையும் மரையும் ஆவே’ என்று பெண் எருமையையும், மான் வகையான மரையின் பெண்ணையும் சேர்த்தே ‘ஆ’ என்கிறது. பேச்சில் தனியாக வருவதில்லை. ஆநிரை (பசுக்கூட்டம்), ஆவின் பால் போன்ற கூட்டுகளில்தான் பிழைத்திருக்கிறது.

‘மாடு’ வேறு மாதிரி. ஆண், பெண் இரண்டுக்கும் பொது. செல்வம், பொன் என்ற பொருளும் அதற்கு உண்டு. கல்வியே அழியாத செல்வம் என்னும் 400ஆம் குறள் ‘மாடல்ல மற்றை யவை’ என்று முடிகிறதே, அங்கே மாடு என்றால் செல்வம்தான். பட்டியில் நின்ற மாடுகள்தானே அன்றைய சொத்து!

சரி, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தருவது? பேச மாடு போதும். ஆனால் எனக்கு ‘ஆ’வை விட மனமில்லை. அதைத் தெரிந்த பிள்ளைக்கு ‘ஆநிரை கவர்தல்’ என்று பாடத்தில் வந்தால் உரை தேவைப்படாது.