வேரா, பொடியா, மாத்திரையா? மூலிகையோடு உள்ளே போகும் உலோகம்

ஒரே மூலிகை காய்ந்த வேராகவும், அரைத்த பொடியாகவும், சாரம் இறக்கிய மாத்திரையாகவும் விற்பனைக்கு வருகிறது. "இரும்புச்சத்து, கால்சியம் நிறைந்தது" என்ற வரியை மூன்றின் அட்டையிலும் பார்க்கலாம். ஈயம், கேட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகிய நச்சு உலோகங்கள் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. ஆனால் செடிக்குள் இவையும் சத்துகள் வரும் வழியிலேயே வருகின்றன. துத்தநாகம் ஏறும் பாதையிலேயே கேட்மியமும் ஏறிவிடும். மண்ணில் அமிலத்தன்மை கூடினால் இன்னும் அதிகமாக ஏறும்.

மூன்றில் எது தேவலை என்று பார்க்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூலிகைச் சரக்கில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை ஈயம் இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. கேட்மியத்துக்கு 0.3 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் கிராமுக்கு 10 மைக்ரோகிராம். நாளைக்கு 5 கிராம் பொடி சாப்பிட்டால் 50 மைக்ரோகிராம் ஈயம். வாய்வழி மருந்துகளுக்கான பன்னாட்டு விதியான ஐசிஎச் க்யூ3டி அனுமதிப்பதோ நாளைக்கு 5 மைக்ரோகிராம்தான். அதாவது "வரம்புக்குள் இருக்கிறது" என்று சான்றிதழ் பெற்ற பொடியே பத்து மடங்கு கொடுத்துவிடலாம். அதனால் நான் கிலோ கணக்கைப் பார்ப்பதில்லை, ஒரு நாளில் உள்ளே போகும் அளவைத்தான் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் பொடிதான் மிக மோசம். அரைத்தது அப்படியே, மண்ணும் சேர்த்து, வயிற்றுக்குள் போகிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் பொடியைக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் விட்டுப் பாருங்கள். தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு அடியில் தங்கியதை விரலால் தேய்த்தால், சில பொடிகளில் நறநறவென்று மணல் தட்டுப்படும். ஆய்வுக்கூடத்தில் இதையே அமிலத்தில் கரையாத சாம்பல் என்று அளக்கிறார்கள். அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கும் இரும்பில் ஒரு பங்கு இந்த மண்ணிலிருந்தும், அரவை இயந்திரம் தேய்வதிலிருந்தும் வந்ததாக இருக்கலாம். இரும்போடு அலுமினியமும் எகிறியிருந்தால் மண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். கலப்படம் தனி. மஞ்சள் தூளுக்கு நிறம் கூட்ட லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்த்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முழுக் கிழங்கையும் அதில் பூசி மெருகேற்றுவார்கள். ஆனால் கிழங்கைக் கழுவிப் பார்க்கலாம். பொடியை என்ன செய்ய முடியும்?

முழு வேர், முழு இலையில் அந்த வசதி இருக்கிறது. ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், இலையில் இருப்பதில் பெரும்பகுதி மேலே படிந்த தூசி. வேரை ஊறவைத்து, கலங்கல் நிற்கும்வரை கழுவி, தோலைச் சீவினால் கணிசமாகக் குறையும். அப்புறம் கஷாயமாக வைத்தால் ஈயத்தில் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். சத்துப் பக்கம் நஷ்டமும் உண்டு. பொட்டாசியம் தாராளமாக நீரில் இறங்கும், இரும்பும் கால்சியமும் அவ்வளவாக இறங்காது. இந்த நஷ்டம் எனக்குச் சம்மதம். பொடியிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற கரையாத உப்பாகக் கட்டுண்டிருந்தால் உடம்பில் சேராது, செடியில் துவர்ப்புத் தரும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈய மெருகு பூசிய மண்பாத்திரத்தில் மட்டும் கொதிக்க வைக்காதீர்கள். கழுவினாலும் போகாத விஷயமும் ஒன்று உண்டு: சீமைச்சாமந்தி கேட்மியத்தைத் தன் திசுவிலேயே சேர்த்து வைக்கும் செடி. அதற்குப் பரிசோதனை அறிக்கை மட்டுமே வழி.

மாத்திரையில் முதலில் பார்க்க வேண்டியது அது சாரமா, வெறும் பொடியா என்பது. பொடியை அடைத்த கேப்ஸ்யூல் பொடிதான். பத்து கிலோ மூலிகையை ஒரு கிலோவாகச் சுருக்கிய சாரத்தில் உலோகமும் சேர்ந்து செறியலாம், ஆனால் உட்கொள்ளும் அளவு சிறியது. நல்ல தயாரிப்பாளர் தொகுதி வாரியாக அறிக்கை தருவார். அறிக்கை இருந்தால் மாத்திரைக்கு இரண்டாம் இடம், இல்லையென்றால் பொடியோடு சேர்த்துவிடலாம். உலோகத்தை வேண்டுமென்றே சேர்த்துச் செய்யும் மருந்துகளின் கணக்கு வேறு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2008 ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அப்படி உலோகம் சேர்த்துச் செய்யும் ரச மருந்துகளில் அது 40 சதவீதத்தைத் தாண்டியது.

என்னை உறுத்துவது இன்னொன்று. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் ஈயத்தையும் கேட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும். இரும்புக்காக மூலிகைப் பொடியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நிலையில் இருப்பவர்கள்தான். குழந்தைகளின் குடலோ ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பல மடங்கு உறிஞ்சும். சிறுநீரகத்தில் சேரும் கேட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அறிக்கை இல்லாத பொடியை ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்க எனக்கு மனம் வராது. இரத்தசோகைக்கு மருத்துவர் எழுதித் தரும் இரும்பு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே இருக்கும்.