விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் மாத்திரை, மறுநாள் காணாக்கடி: திருச்சி நிலவரம்

காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டால், அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதித் தருவார்கள். கத்தரித்ததில் மருந்தின் பெயர் போயிருக்கும். மறுநாள் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. வாங்கும்போதே முழு அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள், பில்லும் கேளுங்கள். ஒரே 'வலி மாத்திரை'யில் அசிக்ளோபெனாக், பாராசிட்டமால், செராசியோபெப்டிடேஸ் மூன்றும் சேர்ந்திருப்பது இங்கே சகஜம்.

தில்லைநகர் குறுக்குத் தெருக்களில் தோல் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை; சாயங்கால டோக்கன்தான் சிரமம். அதற்குள் பக்கத்து கிளினிக்கில் ஏவில் (அரிப்பை, தடிப்பை அடக்கும் அலர்ஜி மருந்து) ஊசி போட்டுவிட்டால் தடிப்பு அடங்கிவிடும், காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் படம் எடுத்துவிட்டு, ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரம் குறியுங்கள். 24 மணி நேரத்துக்குள் அது மறைந்து வேறிடத்தில் எழும்பினால் காணாக்கடி. அதே இடத்தில் நின்று, வலித்து, கன்றிய தழும்பு விட்டால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தோல் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்கான அமாக்ஸிசிலின் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தடித்தால் அசல் ஒவ்வாமைச் சந்தேகம். ஏழாம் நாள் தட்டையாகச் சிவந்து, இடம் மாறாமல் நின்றால் அது வேறு வகை. காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸே காணாக்கடியும் கொண்டுவரும். பழி மாத்திரைமேல் விழும், 'பென்சிலின் ஆகாது' என்ற முத்திரை ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அசிக்ளோபெனாக்தான் காரணம் என்றால் அதே வகை வலி மருந்துகளான ஐபுபுரூபனும் டைக்ளோபெனாக்கும் பெரும்பாலும் ஆகாது. அரிப்பே இல்லாமல் உதடு மட்டும் வீங்கினால், வரும்போது கையோடு கொண்டுவந்த பிபி மாத்திரையைப் பாருங்கள்: ராமிப்ரில், எனலாப்ரில் வருடக்கணக்கில் போட்ட பிறகும் இதைச் செய்யும்.

லேபில் 'அலர்ஜி பேக்கேஜ்' என்று ஒன்று நீட்டுவார்கள். தூசி, இறால், கத்தரிக்காய் எல்லாம் அதில் வரும், அசிக்ளோபெனாக் வராது. காசு தண்டம். மருந்துக்கான தோல் பரிசோதனையைப் பொதுவாக 4 முதல் 6 வாரம் கழித்தே செய்வார்கள். அதற்குள் விடுமுறை முடிந்து திரும்பியிருப்பீர்கள். ஆகவே பிராண்ட் பெயர் போதாது, மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்), போட்ட நேரம், தடித்த நேரம் மூன்றையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாய்ப்புண், தோல் உரிதல் இருந்தால் டோக்கனுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு. மூச்சு முட்டல், குரல் கம்மல், தலைசுற்றல் வந்தால் 108. அதற்கு மருந்து தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், ஏவில் அதற்கு ஈடாகாது.