125 கிலோ வஞ்சிரமும் டைப்ஸ்கிரிப்டும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஓர் அண்ணனுக்கு பில் போடும் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல் மொழியான வெறும் ஜாவாஸ்கிரிப்டில். ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு போன். "தம்பி, ரெண்டு பெட்டி வஞ்சிரத்துக்கு எழுபத்தஞ்சாயிரம்னு வருது. என்னன்னு பாருப்பா."

முதல் பெட்டி 12 கிலோ, அடுத்தது 5. மொத்தம் 17. பில்லில் 125 என்று இருந்தது. திரையில் கட்டத்துக்குள் தட்டும் எடை எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும். இரண்டு எழுத்துக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் கூட்டாது, ஒட்டிவிடும். ஆனால் அதே 125-ஐக் கிலோ விலை 600-ஆல் பெருக்கும்போது சத்தமில்லாமல் எண்ணாக மாற்றிக்கொள்ளும். அதனால் பிழை என்று எங்கேயும் காட்டாமல் 75,000 ரூபாய்க்கு பில் அச்சாகி வந்துவிட்டது. இந்த ஒட்டல் விவகாரத்தை வைத்து புரோகிராமர்கள் போடும் மீம்களை நானும் நிறையப் பகிர்ந்திருக்கிறேன். ஏலக்காரர்கள் நடுவில் அண்ணன் அந்தத் தாளோடு நின்றார் என்று கேட்டபோது சிரிக்க முடியவில்லை.

அன்று மதியமே டைப்ஸ்கிரிப்டுக்கு மாறினேன். எது எண், எது எழுத்து என்று வகை சொல்லி எழுதவிட்டு, பொருந்தாத இடத்தை எழுதும்போதே காட்டிக்கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அது. மைக்ரோசாஃப்ட் 2012-ல் வெளியிட்டது. டர்போ பாஸ்கல் கம்பைலரையும் சி ஷார்ப் நிரல் மொழியையும் தந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் இதற்கும் மூளை. காசு கிடையாது. எடை 'நம்பர்' ஆகத்தான் இருக்க வேண்டும் என்று, கணக்குப் போடும் நிரல் துண்டான ஃபங்ஷனில் ஒரு வார்த்தை சேர்த்தேன். கட்டத்திலிருந்து எடையை எடுத்துக் கொடுக்கும் வரியின் அடியில் உடனே சிவப்புக் கோடு விழுந்தது. அந்த ஒரு கோடு முன்பே இருந்திருந்தால் அண்ணனுக்கு அந்தக் காலை இல்லை. இதற்காகவே தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

பழைய நிரலை மாற்ற நான்கு நாள் பிடித்தது. கறாராகச் சோதிக்கச் சொல்லும் 'ஸ்ட்ரிக்ட்' அமைப்பைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு. பொறுமை போய், எந்த வகையானாலும் சரி என்று சொல்லும் 'எனி'யை எழுதி வாயை அடைக்கத் தோன்றும். எழுதாதீர்கள், மாறியதற்கே பலனில்லாமல் போகும். இன்னொன்று, இந்தக் காவல் எழுதும் நேரத்தில் மட்டும்தான். ஓடும்போது அது பழைய ஜாவாஸ்கிரிப்டே. சர்வரிலிருந்து வரும் தரவை நாம்தான் சோதிக்க வேண்டும்.

அப்புறம் வரிசைப்படுத்தும் கட்டளையான 'சார்ட்'. 9, 25, 100 என்ற எடைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் எழுத்து வரிசையில் 100, 25, 9 என்று தரும். டைப்ஸ்கிரிப்ட் இதற்கு ஒரு கோடும் போடாது. அங்கே ஒப்பிடும் ஃபங்ஷனை நீங்களே எழுதிவிடுங்கள்.